பதினேழாம் குழியின் சிவப்பு வரி

அரியமுத்துவுக்கு முதலில் அநியாயம் செய்தவர் தணிகாசலம்.

எந்தக் கதையைச் சொன்னாலும் அரியமுத்து இந்த வரியில்தான் தொடங்குவார். பஸ் ஏன் தாமதம் என்று கேட்டாலும் சரி, சம்பந்தி வீட்டில் கறிக்குழம்பு எப்படி என்று கேட்டாலும் சரி, பேச்சு எங்கெங்கோ சுற்றித் தணிகாசலத்திடம் வந்து நிற்கும். கேட்கிறவர்களும் எழுந்து போவதில்லை. அவர் கோபமாகச் சொல்ல மாட்டார். ருசித்து ருசித்துச் சொல்வார்.

நடந்தது இதுதான்.

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகும் சாலையோரமாக ஒரு கம்பெனி ஃபைபர் கேபிள் புதைத்தது. பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தாறு குழி. குழிக்குள் இறங்கி கேபிளின் முனைகளை ஒட்டுவது அரியமுத்துவின் வேலை. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைச் சீவி, நேருக்கு நேர் வைத்து, உருக்கி ஒட்ட வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் அவர் ஒட்டிய இடத்தில் வெளிச்சம் தடுக்கி விழாது என்று பெயர் எடுத்திருந்தார். அந்த வேலைக்குச் சூப்பர்வைசர் தணிகாசலம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் லைன் செத்துப்போனது. எட்டயபுரம் எக்ஸ்சேஞ்சில் மீட்டரை மாட்டி, கேபிளுக்குள் ஒளி விட்டுப் பார்த்தார்கள். 8,340 மீட்டரில் அறுந்திருக்கிறது என்றது மீட்டர். எந்தக் குழி எங்கே என்று எழுதி வைத்த புத்தகத்தைத் தணிகாசலம் புரட்டினார். சாலையில் 8,340-ஆவது மீட்டரில் இருந்தது பதினேழாம் குழி.

“உன் ஜாயிண்ட்தான்யா போச்சு” என்றார்.

“என் ஜாயிண்ட் போகாது சார்.”

“மீட்டர் பொய் சொல்லுமா? இறங்கு.”

வெயிலில் பதினோரு மணி நேரம் அரியமுத்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருந்தார். இருபத்துநான்கு இழைகளையும் பிரித்து, மறுபடி ஒட்டினார். லைன் வரவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அந்தக் குழிக்கு இருநூற்று எண்பது மீட்டர் முன்னால், பாலத்துக்குப் பக்கச்சுவர் கட்டியவர்கள் கேபிளை நசுக்கி வைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்ததும் லைன் வந்துவிட்டது.

ஆனால் தணிகாசலம் முந்தின நாளே புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதி முடித்திருந்தார். ‘குழி 17. ஜாயிண்ட் கோளாறு. ஜாயிண்டரின் கைப்பிழை.’

அந்த வரியை அவர் அடிக்கவில்லை. வரி இருந்ததால், அரியமுத்துவின் கையிலிருந்த ஒட்டும் மெஷினை வாங்கிக்கொண்டு கடப்பாறையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் மற்றவர்கள் ஒட்டுவதற்கு அவர் குழி தோண்டினார்.

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அரியமுத்துவுக்கு வர வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘தப்பு என்னுதுதான் அரியமுத்து.’ பதினேழாம் குழிப் பக்கம் நின்று அதைத் தணிகாசலம் சொல்ல வேண்டும். போதும். டீ கூட வேண்டாம்.

இது இப்படி இருக்க, கம்பெனியிலிருந்து அரியமுத்துவுக்கு ஆள் வந்தது. அப்போது அவர் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். வயது அறுபத்தொன்று.

கம்பெனி தன் பழைய புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறதாம். எந்த ஊரில் எத்தனை குழி, எத்தனை கேபிள், எங்கே ஜாயிண்ட், எல்லாம் ஒரே பதிவேடாக. பழைய புத்தகத்தில் இருப்பது அப்படியே ஏறிவிடும். நேரில் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் மட்டும்தான் நிற்கும். விளாத்திகுளம் லைனில் எந்தக் குழி எங்கே என்று தெரிந்தவர்களில் ஊரில் இருப்பவர் இவர் ஒருவர்தான். அதற்கென்று ஒரு மேடம் வருகிறாராம், மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

அரியமுத்து அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிவப்பு வரி கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் அப்புறம் அதற்குச் சாவே கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

எக்ஸ்சேஞ்ச் வாசலில் தோளில் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

“அரியமுத்து அண்ணாச்சியா?”

“ஆமா தாயி. மேடம் வந்துட்டாங்களா? நீங்க அவங்க அசிஸ்டெண்டா?”

“நான்தான் மேடம். ஜெசிந்தா.”

அரியமுத்து கொஞ்ச நேரம் எக்ஸ்சேஞ்ச் டவரை அண்ணாந்து பார்த்தார்.

“என் மருமகளைவிடச் சின்னப் பொண்ணா இருக்கீங்க.”

“மருமகளுக்கு என்ன வயசு?”

“முப்பத்திநாலு.”

“எனக்கு முப்பத்தாறு.”

“அப்ப சரி. பெரியவங்கதான்.”

ஜெசிந்தாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இதுவரை பதினோரு மாவட்டத்து லைன்களைப் பதிவேட்டில் ஏற்றியவள். பையில் ஒரு லேப்டாப், ஒரு மீட்டர், நாலைந்து பென்சில்.

“பேனா கிடையாதா?” என்றார் அரியமுத்து.

“பென்சில் போதும் அண்ணாச்சி. அழிக்கலாம்.”

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டலுக்குத்தான்.

“டீச்சரம்மா, எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுங்க. பதிவேட்டில எதை ஏத்தணும், எதை விடணும்?”

ஜெசிந்தா ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அரியமுத்து ஆறு நாள் எழுதினார். நோட்டு நாலாகிவிட்டது. எழுத்து குண்டு குண்டாக இருந்தது, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. மூன்றாம் குழி எந்தப் புளியமரத்துக்கு எதிரே, ஒன்பதாம் குழியில் என்ன பாம்பு, இருபத்துமூன்றாம் குழி தோண்டின அன்றைக்கு மதியச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, அதில் உப்பு இருந்ததா, எல்லாம் இருந்தது. தணிகாசலம் பதினொரு இடத்தில் வந்தார். ஒரு இடத்திலும் நல்ல வேஷத்தில் வரவில்லை.

ஜெசிந்தா நாலு நோட்டையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பாம்பு இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாம்பைப் பார்த்துத் தணிகாசலம் ஏறியது கருவேல மரத்தில்.

“நல்லா இருக்கா?” என்றார் அரியமுத்து.

“ரொம்ப நல்லா இருக்கு. வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம். நோட்டை எடுத்துக்கோங்க.”

ஜீப்பில் போகும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க அரியமுத்து இல்ல.”

“பின்னே?”

“ஒடிசாவில இருந்து வந்த ஆளு. காலையிலதான் கோவில்பட்டி ஸ்டேஷன்ல இறங்கியிருக்கீங்க. இந்தப் பக்கமே வந்ததில்ல. லைன் செத்துப்போச்சு. உங்க கையில இந்த நோட்டு மட்டும் இருக்கு. மூணாம் குழியைக் கண்டுபிடிங்க.”

அரியமுத்துவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். நடையைக்கூட மாற்றிக்கொண்டார். ஜீப்பை விட்டு இறங்கி நோட்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

“மூணாவது புளியமரத்துக்கு நேர் எதிரே, எட்டு எட்டு நடந்தா குழி.”

நிமிர்ந்து பார்த்தார். சாலை பளபளவென்று கிடந்தது. அகலப்படுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அடிவானம் வரைக்கும் ஒரு புளியமரம் இல்லை.

இத்தனை வருஷமாக இதே சாலையில் தினமும் போய்வருகிறவர்தான். மரம் இல்லாததை அவர் கண் பார்த்திருந்தது. நோட்டு எழுதிய கை பார்க்கவில்லை.

ஜெசிந்தா ஜீப் பானெட்டில் சாய்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா.”

“ம்.”

“ஒடிசாக்காரன் அழுதுருவான்.”

“பாவம். ஒரு மிட்டாய் குடுப்போம்” என்று ஒரு துண்டை உடைத்து நீட்டினாள்.

பத்தாம் குழியின் மேல் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரி சண்முகக்கனி காவலுக்கு நின்றாள். குழி மூடியின் சிமெண்ட் சுத்தமாக, சூடாக இருக்கும் என்று இருபது வருஷமாக அவளுக்கு அதுதான் களம். அரியமுத்து அவளிடம் போய், நோட்டைக் காட்டி, கையால் குழி மாதிரி சைகை செய்து, வாயால் ஏதோ உளறினார்.

சண்முகக்கனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என்ன அரியமுத்தண்ணே, வாயில கொழுக்கட்டையா?”

“நான் ஒடிசா.”

“உங்க வீட்டு அக்காவுக்குத் தெரியுமா?”

ஜெசிந்தாவுக்குப் புரையேறிவிட்டது.

“இவ பேரை ஏத்தலாமா?” என்றார் அரியமுத்து. “பத்தாம் குழி, சண்முகக்கனி மிளகாய்க்கு அடியில.”

“ஏன் அக்கா, வருஷம் பூரா இங்கதான் காயப்போடுவீங்களா?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“மாசி, பங்குனி. மழை பெஞ்சா அதுவும் கிடையாது. அடுத்த வருஷம் மக வீட்டுக்குத் திருப்பூர் போறேன்.”

அரியமுத்து பென்சிலை வாங்கி நோட்டில் சண்முகக்கனியை அடித்தார்.

“ஏண்ணே, என் பேரையா அடிக்கிறீங்க?”

“நீ திருப்பூர் போறியே.”

“போனா என்ன, மிளகாய்ப்பொடி வேணுமின்னா என்கிட்டத்தான வரணும்” என்று அவள் ஒரு கை வத்தலை அள்ளி ஜெசிந்தாவின் பையில் போட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அரியமுத்து நோட்டில் பென்சிலால் வெட்ட ஆரம்பித்தார். மரம் போனது. மதியச் சாப்பாடு போனது. பாம்பைப் பற்றி மட்டும் மறுநாள் ஒரு சந்தேகம் கேட்டார்.

“பாம்பு இருக்கலாமில்லையா? உள்ள இறங்குறவனுக்குத் தெரியணுமே.”

“இன்னும் இருக்கா?”

“அது செத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப அதை நிம்மதியா விடுங்க.”

பாம்பும் போனது. வெட்ட வெட்ட அரியமுத்துவுக்கு வேகம் வந்துவிட்டது. வயல்காரர் களை எடுக்கிற மாதிரி வரி வரியாகப் பிடுங்கினார். மூன்றாம் நாள் நாலு நோட்டும் நாலு பக்கமாகிவிட்டது. ஒரு குழிக்கு ஒரு வரி. குழி எண், எக்ஸ்சேஞ்சிலிருந்து சாலையில் எத்தனை மீட்டர், ஜாயிண்ட் உண்டா இல்லையா. அவ்வளவுதான். பதினேழாம் குழிக்கு மட்டும் மீட்டர் அளவை எழுதிவிட்டு, மற்றதைக் காலியாக விட்டிருந்தார். அதை அவர் கடைசியில் எழுத வைத்திருந்தார். எழுத வேண்டிய வாக்கியமெல்லாம் மனசுக்குள் ரெடியாக இருந்தது.

“இப்ப எப்படி? ஒடிசாக்காரன் கண்ணை மூடிக்கிட்டுப் போவான்” என்று நீட்டினார்.

ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். மீட்டரை எடுத்து எக்ஸ்சேஞ்ச் சுவரிலிருந்த கேபிள் முனையில் மாட்டினாள். திரையில் ஒரு கோடு சரிந்துகொண்டே போனது. ஜாயிண்ட் இருக்கும் இடங்களில் கோட்டில் சின்னச் சின்னப் படி.

“பதினேழாம் குழி ஜாயிண்ட் எது அண்ணாச்சி?”

“எட்டாவது படி.”

“மீட்டர் எவ்வளவு காட்டுது?”

அரியமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“8,620.”

“உங்க தாள்ல குழி எங்க இருக்கு?”

“8,340.” கொஞ்சம் நிறுத்தினார். “நாடா பிடிச்சு அளந்தது. தப்பு இருக்காது.”

“மீட்டரும் சரியாத்தான் இருக்கு. இருநூத்தி எண்பது மீட்டர் கேபிளைக் காணோமே. எங்க போச்சு?”

“எங்கயும் போகல. லூப்ல கிடக்கு.”

“எந்த லூப்?”

அரியமுத்து விரல் விட்டுச் சொன்னார். ரெண்டாம் குழி, நாலு, ஏழு, ஒன்பது, பதினொண்ணு, பதினாலு, பதினாறு. ஏழு குழியிலும் நாற்பது நாற்பது மீட்டர் கேபிளை அவரே வளையமாகச் சுற்றி வைத்திருந்தார். நாளைக்கு எங்கேயாவது அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்குக் கையிருப்பு வேண்டாமா. நல்ல ஜாயிண்டர் யாரும் செய்வதுதான்.

“இதைப் பழைய புத்தகத்தில ஏன் எழுதல?”

“நான் சொன்னேன். தணிகாசலம் சார்தான் வேண்டாம்னுட்டார். ‘ஊருக்குப் போற கேபிளை எழுது, சுத்திக் கிடக்கிற கேபிளை எதுக்கு எழுதுற’ன்னார்.”

“இந்தத் தாள்ல நீங்க ஏன் எழுதல?”

அரியமுத்து தன் குண்டு எழுத்தை ஒரு தடவை பார்த்தார். தணிகாசலத்தை அடித்துத் துரத்திவிட்டு, தணிகாசலத்தின் புத்தகத்தையே மறுபடி எழுதி வைத்திருந்தார்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா. அன்னைக்கு மீட்டர் 8,340 காட்டுச்சு.”

“ம்.”

“அதுல இருநூத்தி எண்பது, லூப்ல சுத்தினது.”

“ம்.”

“கழிச்சா 8,060. பாலம்.” அவர் குரல் இறங்கியது. “மீட்டர் அன்னைக்கே பாலத்தைக் காட்டியிருக்கு.”

ஜெசிந்தா தலையசைத்தாள்.

“அப்ப அவர் வேணும்னே என்னை மாட்டிவிடல?”

“இல்ல. புத்தகத்தை நம்பியிருக்கார்.”

இருபத்திரண்டு வருஷமாகத் தணிகாசலம் அவர் கதையில் சதிகாரர். நேற்றுவரை அந்தச் சதிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் இருந்தது. இப்போது பார்த்தால் ஒரு மனிதர் தானே விட்ட வரியில் தானே தடுக்கி விழுந்திருக்கிறார்.

“கதையே போச்சே தாயி” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எக்ஸ்சேஞ்ச் வாட்ச்மேன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்து, பென்சிலை எடுத்து ஏழு குழிக்கும் நேரே ‘லூப் 40 மீட்டர்’ என்று எழுதினார். ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசியாகப் பதினேழாம் குழிக்குப் போனார்கள். மூடியைக் கடப்பாறையால் நெம்பித் திறந்தது அரியமுத்துதான். உள்ளே மண் ஏறாமல், தண்ணீர் நிற்காமல், வைத்தது வைத்தபடி இருந்தது ஜாயிண்ட் பெட்டி. இருபத்துநான்கு இழையும் தட்டில் சீப்பால் வாரிய மாதிரி படிந்திருந்தன.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“பதினோரு மாவட்டம் பாத்துட்டேன் அண்ணாச்சி” என்றாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

அரியமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அவ்வளவு இல்லை.

அவள் லேப்டாப்பைப் பிரித்தாள். பழைய புத்தகத்தில் இருந்த வரி திரையில் நின்றது. அதன் கீழே இரண்டு பட்டன். ஏற்றவும். விடவும்.

“குழி 17. ஜாயிண்ட் கோளாறு. ஜாயிண்டரின் கைப்பிழை” என்று வாசித்தாள். “என்ன செய்ய?”

அரியமுத்து வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உங்ககிட்ட இல்ல. ஒடிசாக்காரர்கிட்ட கேக்கேன்.”

அரியமுத்து துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். குழியைப் பார்த்தார். ஜாயிண்ட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“இதை நம்பினா நான் நல்ல ஜாயிண்ட்டைப் பிரிப்பேன்” என்றார். “ஒரு நாள் பூரா வெயில்ல உட்காருவேன். லைன் வராது.”

ஜெசிந்தா ‘விடவும்’ பட்டனை அமுக்கினாள். வரி போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் நின்ற வரி, ஒரு சத்தம் இல்லாமல் போனது.

அரியமுத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அந்த இடத்தில ஒரு வரி எழுதணும். நான் யோசிச்சு வச்சிருக்கேன். ‘இந்த ஜாயிண்ட் மேல் பழி சுமத்தியது தவறு. தவறு செய்தவர் சூப்பர்வைசர் தணிகாசலம்.’ அவ்வளவுதான். ரெண்டே வாக்கியம்.”

“ஒடிசாக்காரர் என்ன சொல்றார்?”

அரியமுத்துவின் கை துண்டின் முடிச்சுக்குப் போனது.

“துண்டு தலையிலதான் இருக்கு” என்றாள் ஜெசிந்தா.

“அவனுக்கு இது எதுக்கு” என்றார் அரியமுத்து, பிடுங்கி எடுத்த பல்லைக் கையில் கொடுக்கிற மாதிரி. “லைன் செத்துக் கிடக்கு. அவன் வந்து இதையா படிச்சிக்கிட்டு நிப்பான்.” உடனே அவருக்கு ஒன்று தோன்றியது. “ஆனா யார் போட்ட ஜாயிண்ட்டுன்னு தெரிஞ்சா நல்லது. அரியமுத்து போட்டதுன்னு இருந்தா, நம்பி விட்டுட்டு அடுத்த குழிக்குப் போவான்.”

“இதைச் சொன்னது ஒடிசாக்காரரா?”

“ஒடிசாக்காரன்தான்.”

“குரல் எட்டயபுரத்துக் குரலா இருக்கே.”

அரியமுத்து துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி, என்னதான் போடுவீங்க?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பதினேழாம் குழிக்கு நேரே ஜாயிண்டில் வீணாகும் வெளிச்சத்தின் அளவை ஏற்கெனவே ஏற்றியிருந்தாள். 0.04. மேலேயும் கீழேயும் மற்ற குழிகளின் அளவுகள். பின்னால் ரிப்பேருக்கு வந்த வேறு கைகள் போட்ட ஜாயிண்ட்டுகளும் அதில் இருந்தன. 0.11. 0.09. 0.15.

அஞ்சாம் வகுப்பு படித்தவருக்கு அந்தக் கணக்கு போதும். அரியமுத்து அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை போய்வந்தார். மீசை ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தது.

அப்போது ஜெசிந்தாவின் போன் அடித்தது. அவள் பேரைப் பார்த்துவிட்டு அரியமுத்துவைப் பார்த்தாள்.

“தணிகாசலம் சார். முப்பத்தொண்ணாம் குழியில ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். திருச்செந்தூர்ல மகன் வீட்ல இருக்கார்.” ஸ்பீக்கரில் போட்டாள்.

தணிகாசலத்தின் குரல் வயசாகியிருந்தது. அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது. முப்பத்தொன்றாம் குழியைப் பற்றிச் சரியாகச் சொன்னார். எந்தப் பக்கம் பைப், எந்தப் பக்கம் தண்ணீர் லைன், எல்லாம் நினைவில் வைத்திருந்தார். அரியமுத்து மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நன்றி சார். இன்னொண்ணு, லூப் எல்லாம் இப்ப ஏத்தியாச்சு. பதினேழாம் குழிக்கு முன்னால ஏழு லூப், இருநூத்தி எண்பது மீட்டர்.”

போனில் சத்தம் இல்லை.

“இருநூத்தி எண்பதா?” என்றது குரல்.

“ஆமா சார்.”

மனக்கணக்குப் போடுகிற சத்தம் கேட்குமென்றால் அப்போது கேட்டிருக்கும்.

“அப்ப அன்னைக்கு...” என்று தொடங்கினார் தணிகாசலம்.

அரியமுத்து ஒரு அடி முன்னால் வந்தார். பதினேழாம் குழிப் பக்கம் நின்றார். காதை நீட்டினார்.

“பக்கத்தில யாரு, அரியமுத்தா இருக்கான்?”

“இருக்கார் சார். ஸ்பீக்கர்லதான் பேசுதீங்க. சொல்லுங்க.”

“ஹலோ. ஹலோ. இங்க சிக்னல் சரியில்லம்மா. விட்டு விட்டுக் கேக்கு. அப்புறமா பேசுதேன்.”

போன் நின்றுவிட்டது.

அரியமுத்து போனைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். அதன் அடியில் தான் ஒட்டிய பதினெட்டு கிலோமீட்டரைப் பார்த்தார்.

“ஆயுசு பூரா கேபிள் போட்ட மனுஷனுக்கு” என்றார், “சிக்னல் இல்லையாம்.”

ஜெசிந்தாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அரியமுத்துவும் சிரித்தார். சாலையில் போன ஒரு டிராக்டர்காரர் என்னவென்று தெரியாமலே பல்லைக் காட்டிக்கொண்டு போனார்.

இருவருமாகக் குழி மூடியைத் தூக்கி வைத்தார்கள். அது உட்கார்ந்த சத்தம் நன்றாக இருந்தது. ஜெசிந்தா லேப்டாப்பில் கடைசியாக ‘முடிந்தது’ என்பதை அமுக்கப் போனாள்.

“ஒரு நிமிஷம் டீச்சரம்மா.”

“சொல்லுங்க.”

“எல்லாம் ஏறிருச்சு, சரி. எனக்கு அந்த மனுஷன் தர வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குல்ல? வாய் வரைக்கும் வந்ததை நீங்களும் கேட்டீங்க. அதை எந்தக் கட்டத்தில ஏத்தப் போறீங்க?”

இந்தத் தடவை கிண்டல் இல்லை. அவர் கண் திரையிலேயே இருந்தது.

ஜெசிந்தா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“அது இப்ப எங்க இருக்கு அண்ணாச்சி?”

“அவர்கிட்டத்தான்.”

“நம்ம குழி எதிலயாவது கிடக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முப்பத்தாறும் உங்களுக்குத் தெரியும்.”

அரியமுத்து உண்மையாகவே யோசித்தார். ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு குழியாக மனசுக்குள் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். முப்பத்தாறு வரை போனார்.

“இல்ல.”

“நம்மகிட்ட இருக்கிறதைத்தான் நாம ஏத்தறோம்” என்றாள் ஜெசிந்தா. “அது திருச்செந்தூர்ல கிடக்கு. அந்தப் பாக்கி அவர் பேர்லதான் ஏறணும்.”